இழுப்பறையில் கிடந்த மோட்டார் சைக்கிள்

உங்கள் மேசையின் கீழ் இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள். மேல் இழுப்பறை வேண்டாம். அதில் சீப்பும் வெற்றிலைப் பொட்டலமும்தான் இருக்கும். பூட்டு வைத்த கீழ் இழுப்பறை. அதற்குள் ஒரு காகிதமாவது எண் இல்லாமல், முத்திரை விழாமல், குண்டூசி துருப்பிடித்துக் கிடக்கும். அப்படி எதுவும் இல்லை என்று சொல்பவர் பொய் சொல்கிறார், அல்லது நேற்றுத்தான் வேலையில் சேர்ந்திருக்கிறார். நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு எழுதிப் பயனில்லை. அந்த வகையில் ஒருவனாக நானே பல ஆண்டுகள் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் இன்ஷூரன்ஸ் கிளை திருவள்ளூரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. நான் மோட்டார் பிரிவுக் குமாஸ்தா. எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று கேட்டால் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். மேலாளர்கள் மாறுவார்கள், நான் மாறமாட்டேன் என்ற திமிரும் இருந்தது.

மாதக் கடைசியில் மேலிடத்துக்கு ஒரு பட்டியல் அனுப்புவோம். வந்த விண்ணப்பங்கள் எத்தனை, முடித்தவை எத்தனை, நிலுவை எத்தனை. நிலுவை என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதும் கிளைக்குப் பாராட்டுக் கடிதம் வரும். எங்கள் கிளைக்கு மாதந்தோறும் வந்தது. அந்தச் சாதனையின் ரகசியம் எளிமையானது. வரும் காகிதங்களுக்கு எண்ணும் தேதியும் போட இன்வர்டு பதிவேடு என்று ஒன்று உண்டு. சிக்கலான காகிதம் வந்தால் அதைப் பதிவேட்டில் ஏற்றவே மாட்டோம். இழுப்பறையில் போட்டுவிடுவோம். குறை தீர்ந்த பிறகு, அன்றுதான் வந்தது போல ஏற்றி, அன்றே முடித்து, சுறுசுறுப்பானவர்கள் என்று பெயர் வாங்குவோம். இதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. எவரும் எனக்குக் கற்றுத்தரவும் இல்லை. முதல் வாரத்திலேயே பக்கத்து மேசையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படித்தான் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

ஆனி மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. இரண்டு பேர் படியேறி வந்தார்கள். ஒருவர் ராஜமாணிக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருந்த ஆலை ஒன்றில் ஃபோர்மேன். இரண்டு நாள் முன்பு தன் மோட்டார் சைக்கிளை விற்றிருந்தார். இன்னொருவர் அதை வாங்கிய ஏழுமலை. பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம். கூடையைப் பின்னால் கட்டிப் பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி வாங்கியிருந்தார். ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தார்.

அந்தக் காலத்தில் பழைய வண்டி கைமாறுவது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விற்பவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் அதை நிரப்பமாட்டார். அடுத்தவருக்கு விற்கும்போது படிவத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். வண்டி நான்கு வீடு மாறியிருக்கும், ஆர்.சி. புத்தகத்தில் முதல் ஆளின் பெயரே இருக்கும். அவர் செத்தும் போயிருப்பார். இப்படிப்பட்ட ஊரில் ராஜமாணிக்கம் ஒருவர்தான் சட்டப்படி நடக்க வேண்டும் என்று வாராந்தர விடுமுறையைச் செலவழித்து, பஸ் மாறி மாறி, வாங்கியவரையும் கையோடு அழைத்து வந்திருந்தார். வண்டியோடு பாலிசியையும் ஏழுமலையின் பெயருக்கு மாற்றக் கோரும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். ஒரு பிழை இல்லை.

இங்கே ஒரு சட்டம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை வண்டியை விற்றால் பாலிசி செத்துவிடும். பிறகு சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். பாலிசியை மாற்றித் தரும்படி விற்பவர் எங்களுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அது எங்கள் கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் நாங்கள் மறுப்புச் சொல்லாவிட்டால், பாலிசி வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதாகவே பொருள். அதாவது, நாங்கள் தூங்கினால் அந்தத் தூக்கமே சம்மதம். குமாஸ்தாக்களை நன்றாக அறிந்த யாரோ எழுதிய சட்டம்.

எனக்கு அந்தப் பிரிவு மனப்பாடம். ஆனாலும் கேட்டேன், “ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறிவிட்டதா?”

ஏழுமலை தலையைச் சொறிந்தார். “ஆடி பொறக்கப் போவுதுங்க சார். ஆடில பேர் மாத்துனா வண்டி ஊட்ல தங்காதுன்னு எங்க ஆத்தா ஒரே புடியா நிக்குது. ஆவணி மொத தேதி மாத்திக்கிறேன்.”

“சட்டத்துக்கு ஆடி, ஆவணி தெரியாதப்பா. வண்டி விற்ற நாளிலிருந்து முப்பது நாள்தான் தெரியும்.”

“அப்ப ஆத்தாவ சமாதானம் பண்ணி அந்த முப்பது நாளுக்குள்ளாற முடிச்சிட்றேன் சார். வண்டி இன்னா, ஓடியா பூடப் போவுது?”

“ஓடத்தானே வாங்கினாய்?” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றி எரிகிறது.

பாலிசியை மாற்ற ஆர்.சி.யில் பெயர் மாறியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எங்கள் அலுவலக வழக்கம் சொன்னது. நான் சட்டத்தை அறிந்தவன். வழக்கத்துக்கு வேலை செய்தவன். “ஆர்.சி. வந்ததும் பார்க்க” என்று ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி, அன்றைய தேதியையும் என் கையெழுத்துச் சுருக்கத்தையும் போட்டு, படிவத்தில் குத்தினேன். இழுப்பறையைத் திறந்தேன்.

“ரசீது ஒண்ணு குட்த்தா தேவல சார்,” என்றார் ராஜமாணிக்கம்.

“குறையுள்ள காகிதத்துக்கு ரசீது கிடையாது.”

“எங்க பேக்டரில ஒரு போல்ட்டு வாங்கிகினு போனாகூட சீட்டு எழுதுவாங்க சார்.”

“இது பேக்டரி இல்லை,” என்றேன். இருவரும் படியிறங்கிப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆடி மூன்றாம் ஞாயிறு. பெயர் மாற்ற ஆகாத மாதம், அம்மனைப் பார்க்க உகந்த மாதம் ஆயிற்றே. ஏழுமலை தாயைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்ட, பெரியபாளையம் போனார். சாலை முழுதும் மாட்டு வண்டிகளும் வேப்பிலை கட்டிய கூட்டமும். முன்னால் போன வண்டி மாடு மிரண்டு குறுக்கே நின்றது. ஏழுமலை ஒடித்துத் திருப்பினார். சாலையோரம் பொங்கல் பானையோடு நடந்துகொண்டிருந்த கன்னியம்மாள் மீது ஏறினார்.

கன்னியம்மாளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஆரணியாற்றுப் பக்கத்துக் கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் நன்செய். நடவும் களையும் அவள் கையால். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் காலோடு சேற்றில் இறங்கி நாற்று நட முடியாது. அதை நிரூபிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்று பின்னால் எங்கள் தரப்பு கேட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விபத்து நடந்தது படிவம் என் கைக்கு வந்த இருபத்து மூன்றாம் நாள். சட்டம் ஏழுமலைக்குக் கொடுத்த முப்பது நாள் முடியவில்லை. சட்டம் எங்களுக்குக் கொடுத்த பதினைந்து நாள் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவர் ஆடிக்குப் பயந்தார். நான் நிலுவைப் பட்டியலுக்குப் பயந்தேன். இரண்டும் மூடநம்பிக்கைதான். ஆனால் அவர் பயம் அவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளவில்லை. என் பயம் என்னைத் தள்ளியது.

கன்னியம்மாள் செங்கல்பட்டில் விபத்து இழப்பீட்டு மன்றத்தில் வழக்குப் போட்டாள். விற்றவர், வாங்கியவர், எங்கள் கம்பெனி என மூவர் மீதும். விற்றவரிடம் இப்போது வண்டி இல்லை. வாங்கியவரிடம் வண்டியைத் தவிர ஒன்றும் இல்லை. நாங்கள் கொடுத்தால்தான் அவளுக்கு உண்டு. படிவம் எங்களுக்கு வந்து சேர்ந்த தேதி ஒன்றில்தான் எல்லாம் நின்றது.

மேலாளர் என்னை அறைக்குள் அழைத்தார். வெளியூர்க்காரர், அடுத்த பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்.

“அந்த ஃபாரம் இன்வர்டு ஆயிருக்கா?”

“இல்லை சார். என் இழுப்பறையில் இருக்கிறது.”

“அப்ப வரவே இல்லை.”

“இருக்கிறது சார்.”

“ரிஜிஸ்டர்ல இல்லேன்னா வரவே இல்லைய்யா. இது கூடவா நான் உனக்குச் சொல்லித் தரணும்? எல்லா ரூலும் தெரிஞ்சவன்னு பேரு.” பிறகு சொன்னார்: “இழுப்பறையில கரையான் வரும், எலி வரும். ஆபீஸ்னா அதெல்லாம் சகஜம்.”

கிழித்துப் போடு என்று அவர் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இப்படிப்பட்டவர்கள் சொல்வதில்லை. எலி மேல் போட்டுவிடுவார்கள்.

நான் கிழிக்கவில்லை. அதற்காக என்னை மெச்சிக்கொள்ள வேண்டாம். அதே வாரம், மன்றத்தில் தாக்கல் செய்ய எங்கள் வக்கீலுக்கு அனுப்பிய பதிலில், “மேற்படி விண்ணப்பம் எதுவும் எமது அலுவலகத்தில் பெறப்படவில்லை” என்ற வரியை என் விரல்கள்தான் தட்டச்சு செய்தன. படிவம் என் முழங்காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு எழுத்துப் பிழைகூட விடாமல் அடித்தேன்.

பதில் நகல் கிடைத்ததும் ராஜமாணிக்கம் வந்தார். மேசையைத் தட்டினார்.

“நா உன் கையில குட்த்தேனா, இல்லியா? நீயே சொல்லு சார்.”

“கொடுத்தீர்கள்.”

“பின்ன இன்னா சார் இது, வரலைன்னு அட்ச்சி வுட்ருக்கீங்க? சீட்டு கேட்டப்ப இது பேக்டரி இல்லன்ன. கரெக்டுதான் சார். எங்க பேக்டரில இந்த வேலைய எவனும் செய்ய மாட்டான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்கு தேதி போட்டு இப்ப ஒரு சீல் குத்திடு சார். நடந்ததத்தானே எழுதப் போற? அந்தப் பொம்பளைக்கி ஒரு வழி பொறக்கும்.”

எனக்கு அன்று வந்த சோதனை இதுதான். மேலாளர் சொன்ன பொய்யைப் பொய் என்று அறிவது எளிது. ஒரு நல்ல மனிதர், நல்ல காரியத்துக்காக, நடந்ததையே எழுதச் சொல்லி ஒரு பொய்யைக் கேட்கும்போதுதான் கை தானாக முத்திரையை நோக்கிப் போகும். என் கை போனது. ஆனால் பதிவேட்டு எண்கள் வரிசையாக ஓடுகின்றன. அந்தத் தேதியில் இடம் இல்லை. இடுக்கில் ஒரு எண்ணைச் செருகினால் எங்கள் கம்பெனி வக்கீலே ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். அதன் பிறகு அந்தப் படிவமே போலி என்றாகிவிடும். உண்மைக்குப் பொய்யைத் துணைக்கு அனுப்பினால் இரண்டும் ஒன்றாகச் சாகும். என்னிடம் இருந்தது பென்சிலால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. பலவீனமானதுதான், ஆனால் அது அன்றே எழுதியது.

“முடியாது,” என்றேன்.

“நீயும் அவுங்க ஆளுதான்,” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். நான் இழுப்பறையைப் பூட்டினேன்.

அடுத்த மாதம் கன்னியம்மாள் நேரில் கேட்க வந்தாள். மாடிப் படியில் ஏதோ உரசும் ஓசை வெகுநேரம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கைத்தடியைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேல்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி வைத்து, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். பதினெட்டுப் படிகள். புருஷன் தூக்கிவிட வந்தபோது, “உடு, நானே வர்றேன்,” என்று அதட்டினாள்.

மேலாளர் அவளுக்கு இன்வர்டு பதிவேட்டைத் திறந்து காட்டினார். “பாரும்மா, நீங்க சொல்ற ஃபாரம் இதுல இல்லை. நாங்க என்ன பண்ண முடியும்?”

அவள் அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தாள். “எனக்குப் படிக்கத் தெர்யாது சார். இதுல இல்லாதது எதுவும் நெசமில்லையா?”

“சட்டப்படி அப்படித்தான்.”

“இதுல என் பேரு கீதுங்களா?”

“உங்க பேரு எதுக்கு இதுல இருக்கப் போகுது?”

“அப்ப நானும் நெசமில்ல. காலு போனதும் நெசமில்ல. நல்ல நோட்டுதான் வச்சிகினுக்கீங்க.”

அப்போதும் நான் எழுந்து நிற்கவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ ஒரு கோப்பைப் புரட்டினேன். அவள் இறங்கும் ஓசையையும் கேட்டேன். ஏறியதைவிட அதிக நேரம் ஆயிற்று.

சாட்சி நாள் வந்தது. பதிவேட்டோடு போய், விண்ணப்பம் அதில் இல்லை என்று சொல்ல, கம்பெனி சாட்சியாக என்னையே அனுப்பினார்கள். என்னைவிட நம்பிக்கையான ஆள் கிடையாது என்று மேலாளர் வக்கீலிடம் சொன்னாராம். காலையில் இழுப்பறையைத் திறந்து, படிவத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். காட்டப்போகிறேனா என்று அப்போதும் எனக்குத் தெரியாது. பஸ் முழுவதும் அதைப் பற்றி யோசிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோழைகள் அப்படித்தான் பயணம் செய்வார்கள்.

எங்கள் வக்கீல் கேட்டார். பதிவேட்டில் அந்த விண்ணப்பம் உள்ளதா? இல்லை. எந்தத் தேதியிலும்? எந்தத் தேதியிலும் இல்லை. இரண்டும் உண்மை. அவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

கன்னியம்மாளின் வக்கீல் புதியவர், கறுப்புக் கோட்டு இன்னும் மடிப்புக் கலையாதவர். கேட்க ஒன்றும் அகப்படாமல் பதிவேட்டை வாங்கிப் புரட்டித் திருப்பிக் கொடுத்தார். கடைசியில், கேட்டாக வேண்டுமே என்று ஒரு கேள்வி கேட்டார்.

“உங்கள் அலுவலகத்துக்கு வரும் காகிதங்கள் எல்லாம் இதில் ஏறிவிடும், அல்லவா?”

ஏறும் என்பதுதான் அவர் எதிர்பார்த்த பதில். எங்கள் வக்கீலுக்கும் அதுதான் தேவை. ஒரே சொல். சொல்லிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். ஓரத்துப் பெஞ்சில் கன்னியம்மாள் இருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாயைப் பார்ப்பது போல, கடிக்குமா கடிக்காதா என்று.

“ஏறாது,” என்றேன்.

அந்த வக்கீலுக்கு அடுத்து என்ன கேட்பது என்றே தெரியவில்லை. நீதிபதிதான் கேட்டார்: “ஏறாத காகிதங்கள் எங்கே இருக்கும்?”

“என் மேசை இழுப்பறையில் இருக்கும், ஐயா. அதில் ஒன்று இப்போது என் பையில் இருக்கிறது.”

படிவத்தைக் கொடுத்தேன். பென்சில் சீட்டில் இருந்த கையெழுத்தும் தேதியும் என்னுடையவை என்று சொன்னேன். ரசீது கேட்டவரை நான் மறுத்து அனுப்பியதைச் சொன்னேன். “பெறப்படவில்லை” என்ற வரியைத் தட்டச்சு செய்தவனும் நானே என்பதையும் சொன்னேன். அதை விட்டிருந்தால் மற்றதை நீதிபதி நம்பியிருக்க வேண்டியதில்லை.

தீர்ப்பு கன்னியம்மாள் பக்கம் வந்தது. கம்பெனி கொடுக்க வேண்டும் என்றது. மேல்முறையீடு செய்யலாமா என்று மேலிடம் யோசித்தது. இழுப்பறைகளைப் பற்றி இன்னொரு நீதிமன்றத்திலும் பேச்சு வருவதை விரும்பாமல் கட்டிவிட்டது. பணம் கிடைத்தபோது விபத்து நடந்து இரண்டாவது நடவு முடிந்திருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள்.

சாட்சி சொன்ன அன்று வராந்தாவில் அவள் என்னை நிறுத்தினாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு என் மூளை கெட்டிருந்தது.

“சார், அந்தப் பேப்பர் வந்த அன்னிக்கே சீல் குத்தியிருந்தா இந்தப் பேஜாரே இல்லியாம், வக்கீல் சொன்னாரு. ஒரு சீல் குத்த எம்மா நேரம் ஆவும்?”

கேட்டுவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு போனாள்.

மூன்றாம் வாரம் எனக்கு மெமோ வந்தது. குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, அலுவலகக் காகிதத்தை அனுமதியின்றி வெளியே கொண்டுசென்றது. இரண்டு, கம்பெனியின் நலனுக்கு விரோதமாகச் சாட்சி சொன்னது. விண்ணப்பத்தை இழுப்பறையில் போட்டது பற்றி ஒரு சொல் இல்லை. அதைக் குற்றம் என்று எழுதினால் எத்தனை இழுப்பறைகளுக்கு மெமோ எழுதுவது? இரண்டு இன்கிரிமெண்டை நிறுத்தி, ரயிலில் ஒரு முழு நாள் போகும் தூரத்துக்கு மாற்றினார்கள். மேலாளருக்குப் பதவி உயர்வு வந்தது. அந்த மாதமும் எங்கள் கிளையின் நிலுவை ‘இல்லை’தான்.

அந்த மெமோ தபாலில் வந்தபோது மேலாளரே எழுந்து வந்து, பக்கத்தில் நின்று, அதை இன்வர்டு பதிவேட்டில் ஏற்ற வைத்தார். நான் கவனித்துக்கொண்டிருந்தேன். முத்திரையை மையில் ஒற்றி, காகிதத்தில் குத்தி, தேதி போட்டு, எண் எழுதி முடித்தார்கள். கன்னியம்மாள் எங்கள் மாடிப்படியில் ஒரே ஒரு படி ஏறும் நேரம்கூட ஆகவில்லை.